கண்ணாடி முன் நின்ற பெரியப்பா

தன்னைப் போல் ஒரு நல்லவன் இரணியல் சந்தையில் கிடையாது என்று என் பெரியப்பா மனதார நம்பினார். நடிப்பில்லை. அதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா இறந்தபின் அம்மாவும் நானும் அவர் வீட்டில்தான் இருந்தோம். அவருடைய அரிசிக்கடைக்கு நெல் அவிப்பதும் காயப்போடுவதும் குத்துவதும் எங்கள் வேலை. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களை பஸ் ஏற்றிவிட அவரே கூடப் போவார். பிறகு அவர்கள் திரும்பி வந்ததே இல்லை. என் ராசி என்று அம்மா அழுவாள். ராசியாவது மண்ணாவது!

ஊரெல்லாம் தமிழ்நாட்டோடு சேருவதையே பேசிக்கொண்டிருந்த வருடம், மணவாளக்குறிச்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. அவர்களையும் பெரியப்பா பஸ் ஏற்றிவிடப் போனார். இதுவும் போயிற்று என்று நான் நெல் குத்தப் போனேன்.

ஆனால் அடுத்த ஞாயிறு, நாங்கள் அய்யாவைக் கும்பிடும் நிழல்தாங்கலுக்கு மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அங்கே சிலை கிடையாது. விளக்குகளுக்கு நடுவே ஒரு நிலைக்கண்ணாடி. கும்பிடுகிறவர் தன்னைத்தான் பார்க்க வேண்டும். தலைப்பாகையும் நாமமுமாகத் தெரிந்த முகத்தில் பெரியப்பாவுக்கு எப்போதும் முழுத் திருப்தி.

“இதுக்கு முன்ன நின்னு நான் பொய் சொன்னதில்ல” என்றார், வழக்கம்போல எல்லோரும் கேட்க.

நான் எழுந்தேன். “அப்போ சொல்லுங்க பெரியப்பா. பொண்ணு பாக்க வந்தவியகிட்ட என்னப் பத்தி என்ன சொன்னிய?”

கொஞ்சமும் தயங்கவில்லை. “உள்ளதச் சொன்னேன். கோவக்காரி, எதுத்துப் பேசுவான்னு. மறைச்சா பாவம்லா ஏட்டி?”

“எனக்குக் கல்யாணம் நடக்காண்டாமா?”

“நீ போனா நெல்லு ஆரு அவிப்பா? தகப்பன் இல்லாத பிள்ளைய எனக்க நிழல்லயே வச்சுக் காப்பாத்துதேன். வேற ஆரு செய்வா?”

சொல்லிவிட்டு அவர் பாராட்டுக்குக் காத்து நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். “எனக்க வீட்டுல எல்லாம் வாயில்லாப் பூச்சிய. ஆரு ஏமாத்தினாலும் கேக்க ஆளில்ல. எனக்கு இந்தக் கோவக்காரிதான் வேணும். தாறியளா?”

அத்தனை பேர் முன்னால், அந்தக் கண்ணாடி முன்னால், நல்லவர் எப்படி மாட்டேன் என்பார்? சரி என்று தலைப்பாகை ஆடியது. அம்மா பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

“நான் உண்மையச் சொல்லி முடிச்சு வச்ச கல்யாணமாக்கும்” என்று பந்தியில் இலைக்கு இலை நின்று பெரியப்பா சொன்னார். நம்பித்தான் சொன்னார். நான் மணவறையிலிருந்தே வாய்விட்டுச் சிரித்தேன்.

மறுவீட்டுக்கு வந்து திரும்பும்போது அம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். பெரியப்பா வீட்டு நெல்லைப் பிறகு பெரியப்பாவே அவித்தார்.