சண்டை முடிந்த செய்தி

குவைத்தில் போர் மூண்டதும் தப்பி ஊர் வந்த சமையல்காரர் மந்திரமூர்த்தி, கேட்டவர்களிடமெல்லாம், "சண்டை முடியட்டும், மறுநாளே போயிருவேன்லா" என்று வீறாப்பாகச் சொல்லிவந்தார். அங்கே முதலாளி பூட்டிப்போட்ட அறையில் கிடந்து சீரழிந்ததை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று சீவலப்பேரி டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தது. போர்நிறுத்தத்துக்குப் பின் அமெரிக்க அதிபர் நாடாளுமன்றத்தில் பேசினாராம்; போர் முடிந்துவிட்டதாம்.

"அண்ணாச்சி, உமக்கு நல்ல காலம் பொறந்துட்டுவே!" என்று கடையே ஆர்ப்பரித்தது. பாழாய்ப்போன மனுசன், இன்னும் நாலு மாசம் கழித்துப் பேசினால் குடி முழுகிவிடுமா என்று மந்திரமூர்த்தி மனசுக்குள் அதிபரைத் திட்டினார்.

செய்தி அவருக்கு முன்பே வீட்டை எட்டியிருந்தது; மனைவி இசக்கி குவைத் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் அடைகிடந்த கோழி முற்றத்தில் கத்தியது.

"ஏட்டி, அதை ஏன் விரட்டுன?"

"நீங்க போகணும்லா?"

அவர் வாய் தானாகச் சொன்னது: "ஆமா, போகணும்லா."