பிளாத்தான் மரத்தடியில் ஒரு வாளி

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் நான் சேலைச் சட்டை தைக்கும் கடைக்கு நேர் முன்னால், நடைபாதையில் ஒரு பெரிய பிளாத்தான் மரம் நிற்கிறது. மெஷினிலிருந்து தலை நிமிர்ந்தால் அதன் அடிமரம்தான் கண்ணில் படும். போன வசந்தத்தில் அதன் ஒரு பக்கக் கிளைகள் துளிர்க்கவே இல்லை. பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக்காரர் மத்தியானங்களில் ஒரு வாளியைக் கொண்டுவந்து மரத்தடியில் ஊற்றுவதை அப்போதுதான் கவனித்தேன்.

அவருடைய புதிய பெயர்ப்பலகையை அந்த மரம் பாதி மறைத்தது. அதைப்பற்றி என்னிடமே குறைபட்டிருக்கிறார். இரண்டையும் முடிச்சுப்போட எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. வாளியில் இருப்பது கொதிநீரோ, ஆவி பறக்கிறதா என்று தினமும் எட்டிப் பார்த்தேன். ஒரு நாள் அவர் உள்ளே போனதும், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து மண்ணை முகர்ந்தேன். புளித்த வாடை அடித்தது. ஏதோ மருந்து கலக்கிறார் என்றே முடிவு செய்தேன். பிறகு அவர் அன்பாகத் தேத்தண்ணி அனுப்பினாலும் குடிக்க மனம் வரவில்லை.

மே மாதத்தில் ஒரு காலை, மரங்களைச் சோதிக்கும் பிரெஞ்சுப் பெண்மணி ஒருவர் நகரசபையிலிருந்து வந்தார். மரத்தைச் சுற்றி நடந்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். ஓரிடத்தில் வெறும் பெட்டியைத் தட்டியதுபோலச் சத்தம் வந்தது; கடைக்குள் இருந்த எனக்கே கேட்டது. வேரடியில் ஒட்டியிருந்த காளானைக் கிள்ளிப் பார்த்தார். ஊசிபோல மெல்லிய துளைகருவியை மரத்துக்குள் இறக்கினார். சாப்பாட்டுக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். இவருக்கு ஏன் இத்தனை அக்கறை? இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டார்களோ?

கத்திரிக்கோலை வைத்துவிட்டு வெளியே போனேன். அந்தப் பெண்மணியிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் வாளி விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது கடைக்காரர் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்மணி மண்ணைக் கிளறிவிட்டு அவரிடமே கேட்டார். அவரோ எனக்குத் தமிழில் பதில் சொன்னார்.

“அது அரிசி கழுவின தண்ணி, தங்கச்சி. மரம் வாடுது எண்டுதான் ஊத்தினனான்.”

“போர்டை மறைக்குது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், அண்ணை?”

“ஓம், சொன்னனான். அதுக்காக மரத்தைக் கொல்லுவனோ? காளானைக் கண்டிட்டு இவையளுக்கு அறிவிச்சதே நான்தான். பள்ளிக்கூடப் பிள்ளையள் இதுக்குக் கீழைதான் பஸ்ஸுக்கு நிக்கிறவை.”

பல வருடங்களுக்கு முன் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் ஒரு பக்க வேர்களை அறுத்துவிட்டார்கள், அந்தக் காயத்தின் வழியே அழுகல் ஏறியிருக்கிறது என்று அந்தப் பெண்மணி விளக்கினார். மரத்தை வெட்டத் தேவையில்லை, மேலே பாரத்தைக் குறைத்துவிட்டு அடுத்த வருடம் மறுபடி பார்க்கலாம் என்றார்.

அதையும் நான் சும்மா நம்பவில்லை. நடைபாதைத் தாரில் குழாய்க்காகத் தோண்டி ஒட்டுப்போட்ட நீளக்கோடு எங்கே போகிறது என்று நடந்து பார்த்தேன். அது காய்ந்த கிளைகள் இருந்த பக்கத்தை ஒட்டியே போனது.

அன்று பின்னேரம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“நேரை என்னட்டைக் கேட்டிருக்கலாம்,” என்றார், நிமிராமல்.

குளிர்காலத்தில் ஆட்கள் வந்து கிளைகளைக் குறைத்தார்கள். மரம் நிற்கிறது. அவருடைய வாசலைக் கடக்கும்போது இப்போது நான்தான் முதலில் வணக்கம் சொல்கிறேன். சில நாட்களில்தான் பதில் வரும்.