சனிக்கிழமை மட்டும் வரும் நாய்

“பிர்க்! வா இங்க! பிர்க்!”

காலை ஏழு நாற்பதுக்கு ஆரம்பிக்கிறார் ஒட்வார். படகுத்துறைக்கு மேலே உள்ள மேட்டில் கால்களை அகட்டி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழைந்த கடலான ஃபியோர்டின் அக்கரையில் துணி காயப்போடுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள். பிர்க் மட்டும் பார்ப்பதில்லை. பத்து மாதமான கறுப்பு வேட்டைநாய் அது. கரையொதுங்கிய கடற்பாசிக் குவியலில் மூக்கை நுழைத்துக்கொண்டு, அப்படியொரு பெயரையே கேள்விப்படாதது போல நிற்கிறது.

ஒட்வார் முப்பத்தொரு வருடம் எங்கள் ஃபியோர்டில் கார்களையும் ஆட்களையும் அக்கரை சேர்க்கும் படகுக்குக் கேப்டனாக இருந்தவர். அதனால்தான் எழுதும்போது இந்த ‘அவர்’, ‘இவர்’ எல்லாம். ஒரே வகுப்பில் படித்த பாவத்துக்கு, நேரில் நீ, வா, போதான். ஓய்வு பெற்ற மறுமாதமே நாயை வாங்கினார். உத்தரவு போட யாராவது வேண்டுமே! அவர் மனைவி யோருன் அந்த உத்தியோகத்தைக் கல்யாணமான வருடமே மறுத்துவிட்டாள்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு நாய் வந்துசேரும். வந்த நாய்க்கு என்ன கிடைக்கும்? பிரசங்கம்.

“பன்னெண்டு நிமிஷம் லேட்டு. பன்னெண்டு! நானூறு பேர் துறையில நின்னா என்ன பதில் சொல்லுவே? அங்க என்ன பார்வ? இங்க பாரு, என் கண்ணப் பாரு!”

நாய் காதுகளை ஒட்டவைத்துக்கொண்டு தரையோடு தரையாகக் கிடக்கும். பிரசங்கமும் சரியாகப் பன்னிரண்டு நிமிடம் ஓடும். பிறகு கழுத்தில் வார், பிறகு வீடு. கூப்பிட்ட குரலுக்குப் போனால் திட்டும் கட்டும்தான் என்று பத்து மாதக் குட்டிக்குப் புரிந்துவிட்டது. அறுபத்தாறு வயது மனிதருக்குப் புரியவில்லை. எனக்கு யாராவது இப்படி வரவேற்பு கொடுத்தால் ஐம்பத்திரண்டுக்கும் வரமாட்டேன், அடுத்த ஊருக்கே போய்விடுவேன்.

பனிக்காலத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாய் பழக்கும் வகுப்பு நடந்தது. ஆறு மாலைகள். ஒட்வார் இரண்டாம் மாலையே எழுந்து வந்துவிட்டார். நாய் வரும்போதெல்லாம் சந்தோஷமாகக் கொஞ்சி, வாயில் ஒரு துண்டு கொடுக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னாராம்.

“லஞ்சம் குடுத்து நான் ஒரு மாலுமியையும் வேல வாங்கினது கெடையாது, டாக்னி. கூப்பிட்டா வரணும். அதுக்கு எதுக்குக் கூலி?”

“மாலுமிக்கு மாசாமாசம் சம்பளம் வந்துச்சே, அது என்னவாம்?” என்றேன்.

“அது வேற” என்றார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

ஆனால் ஒட்வார் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. கொடுப்பார். சனிக்கிழமைகளில் கொடுப்பார். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் தரையில் புரண்டு அழுதாலும் கிடைக்காது. நாங்கள் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். அந்தச் சட்டத்தை நாய்க்கும் போட்ட மகான் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். “மூணு பிள்ளைங்கள இப்படித்தான் வளத்தேன். ஒரு பல்லு சொத்தையில்ல” என்பார், நாய்க்கு வந்த நோய் பல்நோய் என்பது போல.

சனிக்கிழமை காலையில் கோட்டுப் பையில் கலைமான் இறைச்சித் துண்டுகளோடு மேட்டில் ஏறுவார். அன்றைக்குக் கூப்பிடவே வேண்டாம். பிர்க் அவர் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு, பையிலிருந்து மூக்கை எடுக்காமல் நடக்கும். “பாத்தியா? முற வேல செய்யுது!” என்று வேலிக்கு அப்பாலிருந்து எனக்கு அறிவிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி கடற்பாசிக் குவியல். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். நாயின் வாலில் ஒரு குறையும் இல்லை. நிமிராதது மேட்டில் நிற்கிறது.

யோருன் சமையலறைக் கதவைத் திறந்து, குரலே எழுப்பாமல், “பிர்க், கண்ணு” என்றால் போதும். எங்கே இருந்தாலும் நாய் பறந்து வரும். அவள் சமையல் அங்கியின் பையில் பழுப்புப் பாலாடைக்கட்டி எப்போதும் இருக்கும். “நீதான் அதக் கெடுக்கறே” என்பது ஒட்வாரின் தீர்ப்பு. “நான் கெடுத்ததாவது வருது” என்பாள் அவள்.

இது அவர்கள் வீட்டு விவகாரம் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன், மே மாதம் வராமல் இருந்திருந்தால். என்னிடம் தொண்ணூறு ஆடுகள் இருக்கின்றன. குட்டி போட்ட ஆடுகளைப் பச்சைப் புல்லில் விடுகிற மாதம் அது. அப்போது ஊரில் எந்த நாயும் வாரில்லாமல் வெளியே வரக் கூடாது. ஒட்வாரின் நாய்க்கு அது பொருந்தாது, ஏனென்றால் “என் நாய் என் கட்டளைல இருக்கு.” கட்டளையில் இருந்த நாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வேலிக்குள் புகுந்து ஆடுகளைத் துரத்தியதில், ஒரு குட்டிக்கு முன்னங்கால் முறிந்தது. கட்டுப் போட்ட அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்கே போனேன்.

“இன்னொரு தடவ என் ஆட்டப் பிடிக்கப் பாய்ஞ்சா உன் நாயச் சுட்டுடுவேன், ஒட்வார். சட்டம் என் பக்கம். வெளையாட்டுக்குச் சொல்லல.”

“அதுக்கு வெளையாட்டுப் புத்தி, டாக்னி. கூப்பிட்டா வந்துரும்.”

“என்னிக்கு? சனிக்கிழமையா?”

முகம் சிவந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

போன புதன்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நரி ஒன்று குட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்ததால் துப்பாக்கியோடு மேய்ச்சல் புல்லில் நின்றிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒட்வார் விறகு அடுக்கிவிட்டு, மெழுகுத்தாளைப் பிரித்து மதிய ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். பிர்க் கம்பிக்கு அடியில் புகுந்து வந்தது. ஆடுகள் மூலைக்கு ஓடின. குட்டிகள் கத்தின.

“பிர்க்! வா இங்க!” அதே கேப்டன் குரல். நாய் வேகத்தைக் கூட்டியது.

துப்பாக்கியைத் தோளில் பதித்தேன். அந்த நாயை எனக்குப் பிடிக்கும். அதன் எஜமானைவிட நிச்சயமாகப் பிடிக்கும்.

“ஐயோ, டாக்னி, சுடாத!”

“அப்ப கூப்பிடுடா!”

“கூப்பிட்டுட்டுத்தான இருக்கேன்!”

“கத்தாத! குனிஞ்சு கையில இருக்கறதக் காட்டு!”

ஒட்வார் ஈரமண்ணில் முழங்கால் போட்டார். ஈரல் விழுது தடவிய ரொட்டியை நீட்டினார். “பிர்க்… என் ராசா… வாடா” என்றார். அப்படியொரு குரல் அவரிடம் இருக்கிறது என்று எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியாது. ஒரு தாய் ஆட்டுக்குப் பத்தடி தூரத்தில் நாய் நின்றது. காற்றை முகர்ந்தது. பிறகு திரும்பி, காதுகள் பறக்க, நேராக ஓடிவந்து அவர் முன்னால் உட்கார்ந்தது.

துப்பாக்கியை இறக்கிவிட்டு வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஒட்வார் நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதார். மூக்கை உறிஞ்சியபடி வாரை மாட்டினார்.

“குடுப்பா. அதுக்குக் குடு” என்றேன்.

அவர் எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். நாயின் கண் ரொட்டியை விட்டு அசையவில்லை. வால் புல்லைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

“இன்னிக்குப் புதன்கிழம” என்று சொல்லி, ரொட்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.