மூடி திறக்காத போத்தல்

ஒக்டோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை. வழமைபோல விடிய எழுந்து உடுப்புகளைத் தோய்க்கப் போட்டேன். குப்பைத்தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். சேலை மாற்றிக்கொண்டு, மிச்சம் என்னும் புறநகரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் ஜமேக்கன் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். அந்த வாசலில் என் மூக்கு ஒவ்வொரு முறையும் ஏமாந்து போகும். ஆட்டிறைச்சிக் கறியின் மணம் நம்முடையது போலவே இருக்கும். நாக்கில் வைத்தால் வேறொன்று.

கடை மார்வா என்ற ஜமேக்கப் பெண்ணுடையது. மார்வாவின் மகனைத்தான் என் மகள் சிந்து மணக்கப்போகிறாள். என் கணவர் உயிருடன் இல்லை. அதனால் தாரை வார்த்துக் கொடுக்க, நகரின் மறுபக்கம் ஹரோவில் இருக்கும் என் அண்ணையைக் கேட்டிருந்தேன். சம்பந்தி வீட்டாரைப் பார்க்காமல் முடிவு சொல்லமாட்டேன் என்றார். அவருக்காகவே மார்வா அன்று மத்தியானம் ஒரு மேசையை ஒதுக்கி, சோறும் கறியும் பொரித்த வாழைப்பழமும் பரப்பி வைத்திருந்தார்.

"நான் இப்பதான் சாப்பிட்டனான். ஒரு சோடா மட்டும் காணும்," என்றார் அண்ணை.

ஊரில் அப்பா, "குறைஞ்ச ஆக்கள்" என்று தான் ஒதுக்கியவர்களின் வீட்டுக் கலியாணத்துக்குப் போனால் இதையேதான் சொல்வார். அவர்களும் விளங்கிக்கொண்டு கடைக்கு ஓடிச் சோடா வாங்கி வருவார்கள். மூடி கண்முன்னே திறக்கப்பட வேண்டும்; அந்த வீட்டுக் குவளை உதட்டில் படக்கூடாது. பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து அண்ணையும் அதைப் பழகிக்கொண்டார்.

இதெல்லாம் மார்வாவுக்கு எப்படித் தெரியும்? இஞ்சிச் சோடாவைத் திறந்து, குவளையில் ஊற்றி, தேசிக்காய்த் துண்டும் போட்டுக் கொண்டுவந்தார். அண்ணை தொடவில்லை. வேறொன்று வேண்டும், திறக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். "இஞ்சி உறைக்குதா, டார்லிங்?" என்று சிரித்தபடி மார்வா அன்னாசிச் சோடா எடுத்துவந்தார். அண்ணை அந்தப் போத்தலின் வாயை டிஷ்யூவால் துடைத்தார். திருப்பி இன்னொருமுறை துடைத்தார்.

"மாமா, டயட்டோ?" என்று என் பக்கத்தில் இருந்த சிந்து கேட்டாள்.

"ஓம் பிள்ளை, சுகர்," என்று சொல்லிவிட்டு அந்தச் சீனித் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தார்.

வெளியே வந்ததும் என்னருகே குனிந்தார். "கலியாணத்துக்கு நான் நிக்கிறன். ஆனா சமையல் எங்கட ஆக்களின்ர கையால இருக்கோணும். அவையள் அடுப்படிப் பக்கம் வரப்படாது. விளங்குதோ?"

விளங்கியது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விடுதியில் யாரோ ஊற்றிய சூப்பை வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவர் இவர். மார்வா கட்டித் தந்த சாப்பாட்டுப் பெட்டி என் கையில் சுட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அவர்மேல்தான் அருவருப்பு வந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக, கலியாணத்தை நடத்தவிருந்த ஐயருக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, தாரை வார்க்கிறது அண்ணை இல்லை. நான்."

"அம்மா, அது வழமையில இல்லையே. ஆம்பிளை ஒராள்..."

"வழமை வேண்டாமெண்டால் உங்களுக்கேன் எடுக்கிறன்? ஓமம், மந்திரம், தாலி எல்லாம் வேணும் ஐயா. அண்ணை மட்டும் வேண்டாம்."

ஐயரின் பதிலுக்காக நான் போனை வைக்காமல் காத்திருந்தேன்.