மோதிரவிரல் நகம்

காட்டுப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், ஐம்பதை நெருங்கும் ஓர் ஆண் வலது கையில் மட்டும் நகம் வளர்த்தால் கேள்வி வரும். நேர்த்திக்கடனா என்று மளிகைக்கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கிடார் வாசிக்க என்று சொல்லியிருந்தால் இன்னும் நாலு கேள்வி வந்திருக்கும்.

அதற்கு முன் பல வருடங்கள் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தேன். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில் மேடையின் ஓரத்தில், பிளாஸ்டிக் பூ வளைவுக்குப் பக்கத்தில் கிடாரோடு நிற்பவன் நான். ஒருமுறை பாட்டின் நடுவில், மாப்பிள்ளையோடு படம் எடுக்க வந்த யாரோ என் கிடார் ஒயரைக் காலில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார். பாட்டு குலையப்போகிறது, மானம் போகப்போகிறது என்று நின்றேன். பாட்டு குலையவில்லை. பாடுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து சவுண்டு பெட்டியைக் கவனிக்கிறவரிடம் போனேன்.

"அண்ணாத்தே, நடுவுல என் ஒயரு புடுங்கிகிச்சு. தெரிஞ்சுதா?"

"உன் லைனா? அதோட சவுண்ட எப்பவோ இறக்கி வெச்சிட்டேன் மாமே. கீபோர்டுலயே கிடார் சத்தம் வருது."

"அப்ப நான் இன்னாத்துக்கு அங்க நிக்கிறேன்?"

"மேடை நிரம்பணும்ல?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பதில் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் நிறுத்தினால் யாருக்காவது தெரியுமா என்ற கேள்வி அன்றைக்கு என்னோடு ஷேர் ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்து, போகாமல் தங்கிவிட்டது.

குழுவை விட்டேன். ஒயர் இல்லாமல் தானாகவே ஒலிக்கும் மரக் கிடார் ஒன்றை வாங்கினேன். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் கையில் ஒரு பிளாஸ்டிக் வில்லையைப் பிடித்துக்கொண்டு தந்திகளைத் தாளத்துக்குத் தேய்ப்பதுதான். தனியாக வாசிக்க அது போதாது. கட்டைவிரல் அடித் தந்திகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற விரல்கள் மேலே பாட்டைச் சொல்ல வேண்டும். பாட்டின் உச்சி பெரும்பாலும் மோதிரவிரலில் வந்து நிற்கும். அதற்குத்தான் நகம்.

விரல்கள் மெதுவாகத்தான் என்றாலும் பழகின. பதற்றம்தான் பழகவில்லை. பயம் வந்தால் என் வேகம் கூடும். தாலாட்டு மாதிரி வாசிக்க வேண்டியதைத் தீயணைப்பு வண்டி மாதிரி வாசிப்பேன். அடுப்படியிலிருந்து மனைவி கேட்பாள்: "ஏங்க, அந்தப் பாட்டு உங்களுக்கு இன்னா பாவம் பண்ணுச்சு? இப்டித் தொரத்துறீங்க?"

குழுவில் இருந்தவரை இடைவெளி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எப்போதும் யாராவது எதையாவது அடித்துக்கொண்டிருப்பார்கள். தனியாக உட்கார்ந்தபோதுதான், ஒரு தந்தியை மீட்டினால் அது தானாக அடங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று கவனித்தேன். அந்த நேரம் முழுக்க எனக்குப் பயமாக இருந்தது. அடங்குவதற்குள் அடுத்ததை மீட்டிவிடுவேன். கற்றுக்கொள்ள வேண்டியது வாசிப்பை அல்ல, காத்திருப்பதை என்று புரிந்தது. புரிந்தது என்றுதான் சொல்கிறேன், வந்தது என்று சொல்லவில்லை.

தனியாக வாசிக்க முதல் அழைப்பு திருமுல்லைவாயிலில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வந்தது. பந்தி நடக்கும்போது சாப்பிடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடிகிற மாதிரி சன்னமாக ஏதாவது வேண்டும் என்றார்கள். ஒரு மைக், ஒரு சின்ன ஸ்பீக்கர், நான். நிறுத்தினால் தெரியுமா என்பதற்கு இங்கே பதில் கிடைத்துவிடும். அந்த நினைப்பிலேயே முந்தைய நாள் முழுக்க நகத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சீராக்கிக்கொண்டிருந்தேன்.

வாசிக்க வந்தவர்களுக்கு முதல் பந்தியிலேயே சாப்பாடு போட்டுவிடுவது வழக்கம். நகம் ஊறினால் மெழுகாகிவிடும் என்பதால் ஸ்பூன் கொண்டுபோயிருந்தேன். இலையில் ஸ்பூனைப் பார்த்ததும் பெண்ணின் அப்பா வந்து நின்றார்.

"இன்னா நைனா, கையில அடி எதுனா பட்டுதா?"

"இல்லீங்க. நகம்..."

அவர் குனிந்து பார்த்தார். "பொண்ணு கை மாதிரி வளத்துக்கினுகீற. அதுக்காவ எங்க ஊட்டு சோத்துல கை வெக்க மாட்டியா?"

பக்கத்து இலைக்காரர், "பாலிஷ் போட்டா எடுப்பா இருக்கும்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த வார்த்தை எப்போதும் தாமதமாகத்தான் வரும். கையால் பிசைந்தேன். "நம்ம ஊட்டு ரசத்த கையில வாங்கிக் குடிக்கணும்" என்று அவரே பக்கத்தில் நின்று ஊற்றச் சொன்னார். கொதிக்கக் கொதிக்க, உள்ளங்கையில், இரண்டு முறை. நல்ல ரசம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்க்கும்போது மோதிரவிரல் நகம் சதையோடு ஒட்டி மடங்கிக் கிழிந்தது. கிடாரை அப்படியே வைத்துவிட்டுக் கண்ணில் பட்ட முதல் அறைக்குள் ஓடினேன். அது மணப்பெண் அலங்கார அறை. அலங்காரம் செய்ய வந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் நீட்டினாள். விரலைக் காட்டினேன்.

"இவ்ளோதானா அண்ணே? நான் யாரோ மயக்கம் போட்டுட்டாங்கனு நெனச்சேன். கையக் குடுங்க."

பெட்டியைத் திறந்து ஒட்டு நகம் எடுத்தாள். கருஞ்சிவப்பு. மேலே மினுக்குத்தூள்.

"வேற கலர் இல்லியாம்மா?"

"இது கல்யாணப் பெட்டி அண்ணே. வெள்ள எடுத்தாருவாங்களா?"

அதையே ஒட்டிக்கொண்டு மேடைக்குத் திரும்பினேன். பக்கத்து இலைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் விரலைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நான் தலைகுனிந்து ஆரம்பித்தேன், வழக்கம்போல் ஓட்டமாக. இரண்டு பாட்டு தாண்டியது. மூன்றாவதில் உச்சிக்குப் போய் மீட்டியபோது ஒட்டு நகம் தெறித்து, மின்னிக்கொண்டே ஜமுக்காளத்தில் போய் விழுந்தது.

நிறுத்திவிட்டேன்.

பேச்சுச் சத்தமும் இலை போடும் சத்தமும் அப்படியே தொடர்ந்தன. பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது மேடைக்குக் கீழே, மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து என்னை முறைத்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? காலைலேந்து அழுதுகினு இருந்தான். இப்பதான் கண்ண மூடுனான்."

"நகம் போய்டுச்சும்மா."

"நகம் இல்லாம வராதா?"

சதையால் மீட்டினேன். சத்தம் பாதிதான் வந்தது, மழுங்கலாக. வேகமாகப் போனால் ஒன்றுமே கேட்காது. அதனால் ஒவ்வொரு சுரமும் அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குழந்தையின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. பாட்டு முடியும் இடத்துக்கு வந்தேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள், நிறுத்த வேண்டாம் என்று. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கடைசிப் பந்தி முடியும்வரை அந்த ஒரே பாட்டைத்தான் வாசித்தேன்.