வாரம் ஒரு பதிவு, கட்டாயம்

கம்ப்யூட்டர் டீச்சர் வேலை என்பது, பாடம் நடத்தியது போக மிச்ச நேரமெல்லாம் பிரிண்டரில் சிக்கிய பேப்பரைப் பிடித்து இழுப்பது. இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! மாற்றலில் மரக்காணம் வந்து, உப்பளத்தைப் பார்த்த ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருக்கிறேன். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, பள்ளிக்கூட மணி அடித்தால் அதோடு அன்றைக்கு என் பேச்சும் முடிந்தது.

உத்தரவு

பதினோராம் வகுப்பில் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பதிவு வலைப்பூவில் எழுத வேண்டும், கட்டாயம் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். லேபில் நெட் கிடையாது, வீட்டில் இருக்கும் போனிலிருந்து எழுதினால் போதும். முதல் வாரம் ஆசையாகத் திறந்தேன். அத்தனை பேரும் 'உப்பின் பயன்கள்'! ஒருத்தன் எங்கிருந்தோ சுட்டதை மற்றவர்கள் அவனிடமிருந்து சுட்டிருக்கிறார்கள். கடைசியில் 'பிடித்திருந்தால் லைக் செய்யுங்கள்' என்பதைக்கூட விடவில்லை, பாவிகள்.

வகுப்பில் எரிந்து விழுந்தேன். கடைசி பெஞ்சு கார்த்தி எழுந்து நிதானமாகச் சொன்னான்: "எழுதணும்னுதானே மிஸ் சொன்னீங்க, சொந்தமா எழுதணும்னு சொல்லவே இல்லியே?"

வாசகர் கூட்டம்

திட்டித் திட்டி ஒருவழியாகச் சொந்தமாக எழுத வைத்தேன். நடுக்கடலில் போட் இன்ஜின் நின்றுபோன கதையைக் கார்த்தி எழுதினான். தேவிகா என்றொரு பெண், வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். கோடை மழையில் பாத்தி உப்பெல்லாம் கரைந்துபோனதையும், அன்றைக்கு அவள் அம்மா சோறாக்காமல் படுத்துவிட்டதையும் எழுதியிருந்தாள். எனக்குத் தோசை இறங்கவில்லை. அடியில் ரெண்டு வரி எழுதினேன். அவளும் பதில் எழுதினாள்.

அதன்பிறகு என் சாயங்காலமெல்லாம் அந்தப் பக்கத்தில்தான். தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படித்ததையே திரும்பப் படிப்பேன். ஒருநாள் தமிழையா, பக்கத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறார்கள் என்ற கணக்கைப் பார்த்து அசந்துபோய், ஊரே படிக்கிறதா என்று கேட்டார். முக்கால்வாசி நான்தான் என்றேன். "இவ்ளோ வாட்டியும் நீங்களேவா? ஏன் மேடம், வீட்ல டிவி இல்லீங்களா?"

இஷ்டம்

அதே தமிழையாதான் ஸ்டாஃப் மீட்டிங்கில் ஆரம்பித்தார். எழுத்து மனசிலிருந்து வரவேண்டும், பயந்து எழுதுவது எழுத்தா என்றார். நியாயமான பேச்சு. எல்லோரும் தலையாட்டினார்கள். 'ராத்திரியில் நான் யாரோடு பேசுவேன்' என்று மீட்டிங்கில் கேட்க முடியுமா? இஷ்டப்பட்டவர்கள் எழுதலாம் என்று முடிவாகிவிட்டது.

அந்த வாரம் ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான். மற்றவர்கள் போகட்டும், தேவிகாவுமா என்றுதான் ஆறவே இல்லை. பைத்தியம் மாதிரி பக்கத்தைத் திறந்து திறந்து மூடினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெச்.எம். ஆறுதல் சொன்னார்: "பசங்களுக்கு இஷ்டமில்ல, விட்டுத்தள்ளுங்க மேடம். உங்களுக்கும் ஒரு வேலை கொறஞ்சுது."

பஸ் ஸ்டாப்பில்

தேவிகாவை பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டேன். உனக்குக்கூடவா இஷ்டமில்லை என்று கோபமாகத்தான் கேட்டேன். ஆனால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வீட்ல இருக்கறது எங்கண்ணன் போனுதான் மிஸ். கட்டாயம்னு சொன்னப்ப குடுத்தான். இப்ப, இஷ்டந்தானே, உனக்கெதுக்குடி போனுன்னு புடுங்கிக்கிறான். எனக்கு இஷ்டந்தான் மிஸ். வூட்ல நான் பேசுனா யாரு கேக்கறாங்க? திரும்பவும் கட்டாயம்னு சொல்லிடுங்க மிஸ்."

மறுநாள் ஹெச்.எம்.மிடமும் தமிழையாவிடமும் அவள் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். தமிழையாவே நோட்டீஸ் போர்டில் 'கட்டாயம்' என்று எழுதி ஒட்டினார்.

இப்போதெல்லாம் கட்டாயமா இஷ்டமா என்று யாராவது கேட்டால், இஷ்டப்பட்ட ரெண்டு பேருக்காக மொத்த வகுப்பையும் வதைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.