பூட்டக்கா மீட்ட கால்கள்

செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் அவளை எல்லோரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். போன் எடுக்க வேலைக்குச் சேர்ந்தவள் அவள். நோயாளிகளின் கால்களை ஸ்கேன் எடுத்துக் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், வைக்கத் தொடங்கியபோது அதைக் கவனித்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. வேலை அவள் தலையில் விழுந்தது. அவளும் சளைக்காமல் கற்றுக்கொண்டாள். யார் கோப்பைத் திருத்தலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று கறாராகப் பிரித்தாள். அழிக்கும் உரிமை முதலாளிக்கே கிடையாது. இப்படி எல்லாவற்றையும் பூட்டிவைத்ததால்தான் அந்தப் பெயர்.

“என் பட்டறையில நானே அனுமதி கேக்கணுமாம்மா?”

“கேளுங்க சார், உடனே தரேன். ஆனா கேட்டுட்டுச் செய்யுங்க.”

ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு, பட்டறையில் கால்களுக்கு அச்சு வார்ப்பவர் அவள் மேசை முன் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, பிசின் விலைப்பட்டியல்னு நினைச்சு ஒரு மெயிலைத் திறந்துட்டேன். ஃபைல் பேரெல்லாம் கிறுக்கலா மாறுது. தானா சரியாயிடும்னு டீ குடிக்கப் போயிட்டேன். அரை மணி நேரம் ஆச்சு.”

அவள் திட்டவில்லை. நேராக அவர் அறைக்கு ஓடி லேப்டாப்பின் இணைய வயரைப் பிடுங்கினாள். தன் மேசைக்குத் திரும்பி, கிளவுடில் அவருடைய கணக்கை முடக்கினாள். பிறகுதான் எண்ணிப் பார்த்தாள். நானூற்றுச் சொச்சம் கோப்புகளை அந்த மெயிலில் வந்த வைரஸ் பூட்டிப்போட்டிருந்தது.

ஒவ்வொரு கோப்பின் பழைய வடிவமும் முப்பது நாள் இருக்கும்படி அவள்தான் அமைத்திருந்தாள். முதலில் ஒன்றை மட்டும் எடுத்தாள். ஒரு சைக்கிள் மெக்கானிக்கின் இடது கால். காலை ஒன்பது மணி நிலைக்குத் திருப்பித் திறந்தாள். முழங்கால் பழையபடியே திரையில் வந்து நின்றது. அப்பாடா என்று மூச்சுவிட்டு மற்றவற்றில் கை வைத்தாள். முடியும்போது மணி மூன்று.

“யாரு பண்ணின வேலை இது?” என்று முதலாளி குதித்தார்.

“வந்து சொன்னவரைக் காட்டிக்கொடுத்தா, அடுத்த தடவ யாரும் வந்து சொல்ல மாட்டாங்க சார்.”

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். “சரி... சாப்பிட்டியாம்மா?” என்றார்.

ஒன்றே ஒன்றுதான் திரும்பவில்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் ஸ்கேன். அன்று காலை எடுத்தது, கிளவுடுக்குப் போகாமல் அந்த லேப்டாப்பிலேயே தங்கிப் பூட்டுப்பட்டுவிட்டது. அவளே போன் செய்தாள்.

“ஐயா, தப்பு எங்க மேலதான். உங்க ஸ்கேன் தொலைஞ்சுபோச்சு. இன்னொரு தடவ வரணும்.”

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. “நான் காலையே தொலைச்சவன்மா. படத்தைத் தொலைச்சதுக்கா அழப்போறேன்? வியாழக்கிழமை வரேன்.”

சொன்னபடி வந்தார். அச்சு வார்ப்பவர்தான் புது லேப்டாப்பில் ஸ்கேன் எடுத்தார்.

“என்னைப் பாக்க மட்டும் விடுங்கக்கா, போதும்” என்றார் தலையைத் தொங்கப்போட்டபடி.

“அப்புறம் வேலை எப்படி நடக்கும்? அன்னன்னைக்கு வர்றவங்க ஃபைல் மட்டும் உங்களுக்குத் திறக்கும். அது போதும்.”

ஸ்கேன் முழுதும் கிளவுடுக்குப் போய்ச் சேரும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு டிரைவருக்குக் கைகொடுத்து எழுப்பிவிட்டாள்.